பத்து சதவிகிதம் தாண்டப் புறப்படும் பிள்ளைகளுக்கு

டிரேடிங் பழகும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது பிராப் ஃபர்ம் தேர்வைப் பற்றித்தான். கட்டணம் கட்டினால் ஒரு கணக்கு திறந்து தருவார்கள். அதில் குறித்த லாபத்தைக் காட்டினால் நிறுவனத்தின் கணக்கில் டிரேட் செய்யலாம், லாபத்தில் பெரும்பங்கு நமக்கு. செக் நாட்டின் பிராக் நகரிலுள்ள எஃப்.டி.எம்.ஓ. இதை இரண்டு கட்டமாக நடத்துகிறது: முதல் கட்டத்தில் 10 சதவிகித லாபம், இரண்டாவதில் 5. ஒரே நாளில் 5 சதவிகிதத்துக்கு மேலோ, மொத்தத்தில் 10 சதவிகிதத்துக்கு மேலோ இழந்தால் கணக்கு முடிந்தது. சிகாகோவின் டாப்ஸ்டெப் ஃபியூச்சர்ஸில் நடத்துகிறது. அங்கே 50,000 டாலர் கணக்குக்கு 3,000 டாலர் இலக்கு, 2,000 டாலர் நஷ்ட எல்லை. மற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு அச்சில் வார்த்தவைதான். விதிகளை அவ்வப்போது மாற்றுவார்கள், ஆகவே பணம் கட்டும் நாளன்று ஒருமுறை நீங்களே படித்துப் பாருங்கள். கீழே சொல்வது எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும்.

1. உங்கள் கையிலுள்ள பணம் எவ்வளவு என்று முதலில் சரியாக எண்ணுங்கள்.

திரையில் 1,00,000 டாலர் என்று இருக்கும். அதில் 90,000 டாலரை நீங்கள் தொடவே முடியாது. 10,000 இழந்த நொடியில் கதவு மூடிவிடும். ஆக, உங்கள் மூலதனம் 10,000 டாலர்தான். அதை வைத்து 10,000 லாபம் எடுக்கச் சொல்கிறார்கள். பத்து சதவிகிதம் என்று கேட்கும்போது எளிதாகத் தெரிகிற வேலை, உண்மையில் கைப்பணத்தை இரட்டிப்பாக்கும் வேலை. சிகாகோ கணக்கில் இது இன்னும் கடினம்: 2,000 டாலரை வைத்துக்கொண்டு 3,000 சம்பாதிக்க வேண்டும். நான் பார்த்தவரை தோற்றவர்களில் பலரும் இந்த ஒரு கணக்கைப் போடாமலே உள்ளே போனவர்கள். லாப இலக்கின் மீது கண் இருக்கும்வரை இது தெரியாது. நஷ்ட எல்லையைக் காகிதத்தில் பெரிதாக எழுதி, அதன் கீழே மற்றதை எழுதுங்கள்.

2. வெறும் அதிர்ஷ்டத்தில் எத்தனை பேர் தேறுவார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்தத் திறமையும் இல்லாமல், காசைச் சுண்டிவிட்டு வாங்கி விற்கிற ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். கமிஷனையும் ஸ்பிரெட்டையும் தினசரி எல்லையையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். மேலே 10, கீழே 10 என்றால் முதல் கட்டத்தைத் தாண்ட அவருக்குப் பாதி வாய்ப்பு. இரண்டாம் கட்டத்தில் மேலே 5, கீழே 10, ஆகவே மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. இரண்டையும் பெருக்கினால் மூன்றில் ஒன்று. ஒன்றும் தெரியாதவரே மூவரில் ஒருவர் தேறிவிடலாம்! செலவுகளைச் சேர்த்தால் குறையும், ஆனாலும் கணிசமாகவே இருக்கும். நண்பர் தேறிய சான்றிதழை வாட்ஸ்அப்பில் போட்டால் வாழ்த்துங்கள், ஆனால் அவருடைய முறை சரியானது என்பதற்கு அது சாட்சி ஆகாது. நீங்கள் ஒருமுறை தோற்றதாலேயே உங்கள் முறை தவறு என்றும் ஆகாது.

நஷ்ட எல்லை நம் கூடவே மேலே ஏறி வரும் கணக்குகளில் நிலைமை வேறு. 50,000 டாலர் கணக்கில் 1,000 லாபம் பார்த்தால், 48,000-இல் இருந்த எல்லை 49,000-க்கு வந்துவிடும். தொடங்கிய தொகையைத் தொட்ட பிறகுதான் அது நிற்கும். எல்லை நகராமல் இருந்தால் காசு சுண்டுபவர் நூற்றுக்கு 40 முறை தேறுவார். நகர்ந்தால் அது ஏறக்குறைய 25 ஆகிவிடும். அந்த எல்லை நாள் முடிவில் கணக்கிடப்படுகிறதா, டிரேட் ஓடும்போதே நொடிக்கு நொடி நகர்கிறதா என்று கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். நொடிக்கு நொடி நகரும் கணக்கில், கையில் வராத லாபம்கூட எல்லையை உயர்த்திவிடும். பிறகு அந்த லாபம் கரைந்தாலும் எல்லை இறங்காது.

3. உங்கள் முறைக்கு எட்ஜ், அதாவது நீண்ட கணக்கில் லாபம் தரும் சாதகம், இருக்கிறதா என்பதைக் கட்டணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

தேர்வில் இதைக் கண்டுபிடிக்கலாம் என்று இறங்குவது வீண்செலவு. ஒரே முறையை, ஒரே விதிப்படி, டெமோவிலோ மிகச் சிறிய சொந்தப் பணத்திலோ நூறு டிரேடாவது செய்து நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு ரிஸ்க் எடுத்தீர்கள், அதைப்போல எத்தனை மடங்கு வந்தது அல்லது போனது என்று மட்டும் குறித்தால் போதும். நூறில் 45 முறை ஜெயித்து, ஜெயிக்கும்போது ரிஸ்க்கைப்போல இரு மடங்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிரேடின் ரிஸ்க்கை ஒரு பங்கு என்று எண்ணினால், வரவு 90 பங்கு, போனது 55 பங்கு, மிச்சம் 35. பாதிக்கு மேல் தோற்றும் இது நல்ல முறை.

இனி கேள்வி, ஒரு பங்கு என்பது எவ்வளவு. இந்த முறையை வைத்திருப்பவர் டிரேடுக்கு 2 சதவிகிதம் ரிஸ்க் எடுத்தால், முதல் கட்டத்தில் நூறு பேரில் ஏறக்குறைய 16 பேர் தோற்பார்கள். 1 சதவிகிதம் எடுத்தால் 3 பேர். அரை சதவிகிதம் எடுத்தால் ஆயிரத்தில் ஒருவரே தோற்பார். தினசரி எல்லையைச் சேர்க்காத கணக்கு இது. சேர்த்தால் 2 சதவிகிதக்காரரின் நிலை இன்னும் மோசமாகும், ஒரே நாளில் மூன்று நஷ்டம் வந்தாலே அவர் வெளியே. முறை ஒன்றுதான், சந்தையும் ஒன்றுதான். வித்தியாசம் லாட் அளவில் மட்டும். அரை சதவிகிதத்தில் இலக்கைத் தொட சராசரியாக 57 டிரேட் ஆகும். நாளுக்கு ஒன்று என்றால் மூன்று மாதத்துக்குச் சற்றுக் குறைவு. எஃப்.டி.எம்.ஓ.வில் முன்பு 30 நாள் கெடு இருந்தது, இப்போது இல்லை. பிறகு ஏன் அவசரம்?

பெரிய லாட் யாருக்கு உதவும் என்றால், எட்ஜ் இல்லாதவருக்குத்தான். அவர் எத்தனை அதிகமாக டிரேட் செய்கிறாரோ அத்தனை கமிஷனில் தேய்ந்துபோவார். சீக்கிரமாக ஒரே வீச்சில் முடித்துக்கொள்வதே அவருக்கு லாபம். நோட்டைப் புரட்டிய பிறகும் உங்களுக்குப் பெரிய லாட் போடத் தோன்றினால், உங்கள் முறையை நீங்களே நம்பவில்லை என்று பொருள். அப்போது கட்டணம் கட்டாதீர்கள்.

4. ஆறு நஷ்டம் தொடர்ந்து வரும். அதற்கு இடம் விட்டு வையுங்கள்.

மேலே சொன்ன அதே நல்ல முறையில், 60 டிரேடுக்குள் தொடர்ந்து ஆறு நஷ்டம் ஒருமுறையாவது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. யாரும் ஏதும் தவறு செய்யாமலே வரும். 2 சதவிகிதத்தில் அது 12, கணக்கு முடிந்தது. அரை சதவிகிதத்தில் அது 3, மறுநாள் காலை உட்கார்ந்து வேலையைத் தொடரலாம்.

1983-இல் சிகாகோவின் ரிச்சர்ட் டென்னிஸ், டிரேடிங்கைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்ற வாதத்தைத் தீர்க்கப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆட்களை எடுத்தார். இரண்டு வாரம் பயிற்சி, பிறகு அவருடைய சொந்தப் பணம். ‘டர்டில்கள்’ என்று பெயர் பெற்ற அவர்களுக்கு எங்கே வாங்குவது, எங்கே விற்பது என்பதோடு இன்னொரு விதியையும் கொடுத்தார். கணக்கு 10 சதவிகிதம் இறங்கும்போதெல்லாம், கையிருப்பு 20 சதவிகிதம் குறைந்துவிட்டதாக எண்ணி அந்த அளவுக்கே டிரேட் செய்ய வேண்டும். இறங்கும்போது கையைச் சுருக்கு என்பதுதான் அந்த விதி. தேர்வுக் கணக்கில் இதை இப்படி வைத்துக்கொள்ளலாம்: அனுமதித்த நஷ்டத்தில் பாதி போய்விட்டால் ரிஸ்க்கையும் பாதியாக்குங்கள். நம் பிள்ளைகள் இதற்கு நேர்மாறாகச் செய்வதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. 5 சதவிகிதம் போனதும் லாட்டை இரட்டிப்பாக்குகிறார்கள்.

தினசரி எல்லைக்கும் இதே கதை. நிறுவனம் 5 சதவிகிதம் தருகிறது என்றால் உங்கள் சொந்த எல்லை 2 ஆக இருக்கட்டும். அதைத் தொட்டால் டெர்மினலை மூடிவிட்டு எழுந்துவிடுங்கள், போனிலும் திறக்காதீர்கள்.

5. லாட் அளவைக் கடைசியாக முடிவு செய்யுங்கள்.

முதலில் ஸ்டாப் லாஸ் எங்கே என்று சார்ட் சொல்லட்டும். அந்தத் தூரம் தெரிந்த பிறகு வகுத்தல் மட்டும்தான் பாக்கி. 1,00,000 டாலர் கணக்கில் அரை சதவிகிதம் என்றால் 500 டாலர். தங்கத்தில் ஒரு லாட் 100 அவுன்ஸ், விலை ஒரு டாலர் நகர்ந்தால் 100 டாலர். ஸ்டாப் 10 டாலர் தள்ளி இருந்தால் அரை லாட்தான் போடலாம். யூரோ-டாலரில் ஒரு லாட்டுக்கு பிப் ஒன்று 10 டாலர். 25 பிப் ஸ்டாப்புக்கு இரண்டு லாட்.

ஃபியூச்சர்ஸில் தொடங்குபவர்கள் மைக்ரோ கான்ட்ராக்டில் இருங்கள். எஸ் அண்ட் பி 500-இன் இ-மினியில் ஒரு புள்ளி 50 டாலர், 2019-இல் வந்த மைக்ரோவில் 5 டாலர். பத்துப் புள்ளி ஸ்டாப்போடு ஒரே ஒரு இ-மினி போட்டால் 500 டாலர் பணயம், அதாவது உங்கள் 2,000 டாலரில் கால் பங்கு. நான்கு தவறான டிரேடில் எல்லாம் முடிந்துவிடும். இரண்டு மைக்ரோ போட்டால் 100 டாலர். இருபது தவறு வரை தாங்கும்.

6. அவர்களுடைய கடிகாரத்தில் வாழப் பழகுங்கள்.

இதில் விழுந்தவர்கள் நிறைய. எஃப்.டி.எம்.ஓ.வின் நாள் பிராக் நகர நள்ளிரவில் மாறுகிறது. நமக்கு அது கோடையில் அதிகாலை 3:30, குளிர்காலத்தில் 4:30. இரவு பத்து மணிக்கு ஒரு நஷ்டம், நாள் மாறிவிட்டதாக நினைத்து நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு இன்னொரு நஷ்டம் என்றால், அவர்கள் கணக்கில் இரண்டும் ஒரே நாள். மூடாத டிரேடின் நஷ்டம், கமிஷன், ஸ்வாப் எல்லாம் தினசரி எல்லைக்குள் சேரும். நேற்று 3 சதவிகித நஷ்டத்தில் தொங்கிய டிரேடை அப்படியே விட்டுத் தூங்கினால், புது நாள் தொடங்கும்போதே அந்த 3 சதவிகிதம் செலவாகி இருக்கும்.

சிகாகோவில் வேறு விதி. அங்கத்திய நேரம் மாலை 3:10-க்குள் எல்லா டிரேடையும் மூடிவிட வேண்டும். நம் ஊரில் கோடையில் அது நள்ளிரவு தாண்டி 1:40, குளிர்காலத்தில் 2:40. பகல் வேலைக்குப் போகிறவர் அந்த நேரம் வரை விழித்திருந்தால் மறுநாள் முடிவு எடுக்கும் புத்தி இருக்காது. உங்கள் உடம்புக்கு ஒத்துவரும் மூன்று மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்து அதற்குள் மட்டும் டிரேட் செய்யுங்கள். லண்டன் சந்தை திறக்கும் நேரம் நமக்கு மதியமும் பிற்பகலும்தான். அது பலருக்கும் தோதானது.

7. அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை வரும் நிமிடத்தில் சும்மா இருங்கள்.

பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளி, நமக்கு மாலை 6 மணி அல்லது 7 மணி. ஃபெடரல் ரிசர்வ் வட்டி முடிவு வரும் இரவும் அப்படியே. அந்த நொடியில் ஸ்டாப் லாஸ் நாம் போட்ட விலையில் நிறைவேறாது, தாண்டிக் குதிக்கும். அரை சதவிகிதம் என்று நினைத்தது ஒன்றரை ஆகும்.

8. இலக்கு நெருங்கும்போது கை நடுங்கும். அதற்கு முன்பே என்ன செய்வதென்று எழுதி வையுங்கள்.

8 சதவிகிதம் வந்துவிட்டது, இன்னும் 2 தான். இந்த இடத்தில்தான் நல்ல பிள்ளைகள் விழுகிறார்கள். ஒரே டிரேடில் முடித்துவிடலாம் என்று நான்கு மடங்கு லாட் போடுகிறார்கள். அல்லது வந்ததைக் காப்பாற்றும் பயத்தில், ஓடவேண்டிய டிரேடைப் பாதியில் மூடி, இரு மடங்கு வரவேண்டிய இடத்தில் அரை மடங்கு எடுக்கிறார்கள். நஷ்டம் மட்டும் முழுதாக வரும், லாபம் அரைகுறையாக வரும், 45-க்கு 55 என்ற முறை அன்றோடு செத்தது. எட்டாவது சதவிகிதத்திலும் முதல் சதவிகிதத்தில் போட்ட அதே அளவு, அதே ஸ்டாப், அதே வெளியேறும் இடம். பயம் தாங்கவில்லை என்றால் அளவைப் பாதியாக்குங்கள், அதில் கெடுதல் இல்லை. முறையை மட்டும் தொடாதீர்கள்.

சில இடங்களில் ஒரே நாள் லாபத்துக்கும் வரம்பு உண்டு. டாப்ஸ்டெப்பில் உங்கள் மிகச் சிறந்த நாள் மொத்த லாபத்தில் பாதியைத் தொடக் கூடாது. ஒரே நாளில் 2,000 டாலர் எடுத்துவிட்டால், 3,000 போதும் என்ற இலக்கு 4,000-க்கு மேல் போய்விடும். பெரிய நாள் ஒன்று நீங்கள் தேறுவதைத் தள்ளிப்போடவும் செய்யும்.

9. தோற்ற அன்று மாலை மறுபடியும் வாங்காதீர்கள்.

தள்ளுபடி கூப்பன் ஈமெயிலில் வரும். ஒரு மாதம் கழித்தும் வரும், கவலை வேண்டாம். எஃப்.டி.எம்.ஓ.வின் லட்சம் டாலர் கணக்குக்கு நெடுநாளாக 540 யூரோ கட்டணம். நம் ஊரில் பலருக்கு அது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். வருடத்துக்கு எத்தனை தேர்வு என்று தொடக்கத்திலேயே முடிவு செய்து, அந்தப் பணம் திரும்பி வராது என்றே எண்ணி ஒதுக்குங்கள். கடன் வாங்கியோ கிரெடிட் கார்டில் தவணை போட்டோ, அம்மாவின் நகையை வைத்தோ கட்டக் கூடாது. சிறிய கணக்கில் தொடங்கினால் வெட்கம் ஒன்றும் இல்லை, சதவிகித விதி அங்கும் அதேதான்.

10. சட்டத்தையும் நிறுவனத்தையும் பாருங்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் அந்நியச் செலாவணி வணிகத்தை ஃபெமா சட்டப்படி அனுமதி பெற்றவர்கள் வழியாகவும் அனுமதி பெற்ற தளங்களிலும் மட்டுமே செய்யலாம். வெளிநாட்டு ஃபாரெக்ஸ் தளத்துக்கு மார்ஜின் பணம் அனுப்ப அனுமதி இல்லை. அங்கீகாரம் இல்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 முதல் வெளியிடுகிறது. நாம் கட்டுவது தேர்வுக் கட்டணம், டிரேட் நடப்பது டெமோவில் என்று நிறுவனங்கள் சொல்வது உண்மைதான், தேறிய பின் தரும் கணக்கும் பெரும்பாலும் டெமோவே. ஆனால் அந்த வாதத்தை நம்பி நீங்களாக முடிவு எடுக்காதீர்கள். கட்டும் முன் ஒரு ஆடிட்டரிடம் உட்கார்ந்து கேளுங்கள். வருகிற பணத்தை வருமானவரிக் கணக்கில் காட்டுவது எப்படி என்றும் அன்றே கேட்டுவிடுங்கள்.

நிறுவனமும் நிலைக்க வேண்டும். 2023 ஆகஸ்டில், கனடாவிலிருந்து இயங்கிய மை ஃபாரெக்ஸ் ஃபண்ட்ஸ் என்ற பிராப் ஃபர்ம் மீது அமெரிக்காவின் ஃபியூச்சர்ஸ் ஒழுங்குமுறை அமைப்பான சி.எஃப்.டி.சி. வழக்கு தொடர்ந்தது. சொத்துகள் முடக்கப்பட்டு, உலகம் முழுக்க அதில் டிரேட் செய்தவர்களின் கணக்குகள் நின்றுபோயின. 2025-இல் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்து, வழக்கு நடத்திய விதத்துக்காக சி.எஃப்.டி.சி.யையே கண்டித்தது. ஆனால் இலக்கைத் தொட்டுவிட்டு பேஅவுட்டுக்காகக் காத்திருந்த பிள்ளைகளுக்கு நடுவில் போன காலம் திரும்பவில்லை. 2024 தொடக்கத்தில் மெட்டாடிரேடர் மென்பொருள்காரர்கள் பல பிராப் ஃபர்ம்களுக்கு இணைப்பைத் துண்டித்தபோதும் இப்படித்தான், சில நிறுவனங்கள் மூடியே விட்டன. பல வருடம் தொடர்ந்து பணம் கொடுத்து வந்த இடமாகப் பாருங்கள். கட்டணம் மிகக் குறைவு, விதி மிகத் தளர்வு என்று வரும் புது நிறுவனத்தை ஒதுக்குங்கள். ‘நாங்கள் தேறித் தருகிறோம்’ என்று டெலிகிராமில் வருபவர்களிடம் லாகின் கொடுக்கவே கூடாது. பல கணக்குகளில் ஒரே டிரேடைப் போடுவார்கள், நிறுவனம் கண்டுபிடித்தால் உங்கள் கணக்கு ரத்தாகும்.

11. வேலையை விடாதீர்கள்.

2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு, மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவிகிதம் பேர் நஷ்டம் அடைந்ததாகச் சொல்கிறது. மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அது நம் பங்குச் சந்தைக் கணக்கு, பிராப் தேர்வுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இறங்குகிற மனிதர்கள் ஒரே மனிதர்கள்தான். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது 57 டிரேட் காத்திருக்க முடியும். வாடகைக்கு இந்த மாதமே வேண்டும் என்றால் ஆறாவது டிரேடிலேயே லாட் பெரிதாகிவிடும். வீட்டில் ஒருவரிடமாவது எவ்வளவு கட்டினீர்கள், எத்தனை முறை கட்டினீர்கள் என்று உள்ளதைச் சொல்லி வையுங்கள்.

12. தேறிய பிறகு.

நிறுவனத்தின் கணக்கு கிடைத்ததும் இலக்கு என்ற ஒன்று பெரும்பாலும் இருக்காது. நஷ்ட எல்லை மட்டும் அப்படியே இருக்கும். முதல் பேஅவுட் தேதி வரும்வரை ரிஸ்க்கைத் தேர்வில் வைத்ததில் பாதியாக வையுங்கள், அதாவது கால் சதவிகிதம். 2 சதவிகிதம் லாபம் வந்தாலும் எடுத்துவிடுங்கள். எஃப்.டி.எம்.ஓ. போன்ற இடங்களில் முதல் பேஅவுட்டோடு தேர்வுக் கட்டணமும் திரும்ப வரும். அந்தப் பணம் உங்கள் வங்கிக் கணக்கில் விழுந்த பிறகு அரை சதவிகிதத்துக்குத் திரும்பலாம்.